அத்தைக்குச் சொல்லாத இணைச்சீர்

காலையில் நான் அத்தைக்குத் தங்கக்கட்டி. சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அம்மா கட்சிக்காரி, மூஞ்சியிலேயே முழிக்கக் கூடாதவள். இடையில் நான் என்ன செய்தேன் என்று யோசித்துப் பார்த்தால், வகுப்பில் வாய்ப்பாடு ஒப்பித்திருப்பேன். என் சின்ன வயதின் பெரிய குழப்பமே இதுதான்.

அத்தை அப்பாவின் தங்கை. கட்டிக்கொடுத்த இடத்தில் ஒத்துவராமல் திரும்பி வந்து எங்களோடு இருந்தார். திருப்பூரில் கீழே அப்பாவின் பனியன் கம்பெனி, மேலே வீடு. சிரித்தால் கீழே மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்கும், அப்படிச் சிரிப்பார். ஆனால் யாராவது வெளியே கிளம்பினால் முகம் மாறிவிடும். அப்பா ஈரோட்டுக்குப் போனால் போன் மேல் போன் வரும். எடுக்காவிட்டால் தட்டு பறக்கும். "எல்லாரும் என்னை உட்டுட்டுப் போறவங்கதான்" என்று கத்துவார். பிறகு அவரே அழுதுகொண்டு தட்டைக் கழுவி வைப்பார்.

சித்திரை வெயிலிலும் முழுக்கை ரவிக்கைதான். ஒருநாள் கையில் வரிவரியாகத் தழும்பைப் பார்த்துவிட்டேன். பிசிறு வெட்டுகிற கத்தரி பட்டது என்றாள் அம்மா. கம்பெனியில் பிசிறு வெட்டும் அக்காக்கள் யாருக்கும் அப்படிப் பட்டதில்லையே என்று கேட்டேன். வீட்டுப்பாடத்தை எழுது என்றாள்.

ரகளைக்குப் பயந்து எங்கள் வீட்டில் சொல்லாமல் நழுவுவது ஒரு பழக்கமாகிவிட்டது. அவ்வளவு பெரிய முதலாளியான அப்பா, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்குவார். தெரிந்ததும் ரகளை இரண்டு மடங்காகும். உறவுக்காரர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். திமிர் என்றார்கள், காத்துக் கருப்பு என்றார்கள், இன்னொரு கல்யாணம் செய்தால் சரியாகும் என்றார்கள்.

கடைசியில் கோயம்புத்தூரில் ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். வீட்டில் எல்லோரும் வரவேண்டும் என்று அவர் சொன்னதால் நானும் போனேன். இது திமிர் இல்லை, நோய் என்று சொல்லி இங்கிலீஷில் நீளமாக ஒரு பேர் சொன்னார். மாத்திரை மட்டும் போதாது, வாராவாரம் வந்து பேசிப் பழக வேண்டும், வீட்டுக்காரர்களும் பழக வேண்டும் என்றார்.

"நமக்குச் சின்ன சிராய்ப்பு, அவங்களுக்கு அது தீக்காயம். வலி நிஜம்னு முதல்ல ஒத்துக்குங்க. ஒளிச்சு எதுவும் செய்யாதீங்க. போறதுன்னா சொல்லிட்டுப் போங்க, சொன்ன நேரத்துக்கு வாங்க. திட்டினா பதிலுக்குத் திட்டவும் வேண்டாம், ஓடவும் வேண்டாம்" என்றார். எனக்கு என்ன குழப்பமென்றால், தீக்காயம் எங்கே இருக்கிறது என்று அவர் காட்டவே இல்லை.

அதற்குப் பிறகு வீட்டில் நடந்தது பெரிய கூத்து. அத்தை முகம் வாடினால் போதும், "உனக்கு எவ்வளவு வலிக்குதுன்னு எனக்குப் புரியுது" என்று ஆளாளுக்கு ஒப்பிக்க ஆரம்பித்தார்கள். "டாக்டரம்மா குடுத்த பாடமாக்கும்?" என்று அத்தை ஒருநாள் விழுந்து விழுந்து சிரித்தார். ஆனாலும் பலன் இருந்தது. அப்பா செருப்பைக் காலில் போட்டுக்கொண்டே படியிறங்கினார். தட்டுகள் பறப்பது குறைந்தது.

அப்போதுதான் சித்தப்பாவுக்குக் கல்யாணம் கூடியது. அத்தையின் தம்பி. எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் முதல்நாள் சாயங்காலம் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையும் கூடப்பிறந்தவளும் ஒரு சேலையின் இரண்டு தலைப்புகளையும் பிடித்துக்கொண்டு சபையில் நிற்பார்கள். அருமைக்காரர் என்கிற பெரியவர் சீரை நடத்துவார். பொண்டாட்டி வந்தாலும் கூடப்பிறந்தவளைக் கைவிட மாட்டேன் என்று ஆண்பிள்ளை தரும் வாக்கு அது. அத்தை மாதக்கணக்காகக் கண்ணாடி முன்னால் சேலைத் தலைப்பைப் பிடித்தபடி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரியப்பாவுக்குத்தான் பயம். "சபையில ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிப்போச்சுன்னா பொண்ணு ஊட்டுக்காரங்க என்ன நெனைப்பாங்க?" என்றார். ஒன்றுவிட்ட அத்தை ஒருவரை நிறுத்தி முடித்துவிடலாம், அத்தையிடம் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவானது. அப்பா கணக்கு நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். சித்தப்பா தலையாட்டினார். மாப்பிள்ளைகள் வேறென்ன செய்வார்கள்?

சீர் அன்றைக்கு அத்தையையும் என்னையும் பியூட்டி பார்லருக்கு அனுப்பினார்கள். "அவசரமே இல்ல கண்ணு, ஐஸ்கிரீம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுட்டு மெதுவா வாங்க" என்றாள் அம்மா. எனக்குப் பரம சந்தோஷம். அத்தை பாதிச் சடையோடு உட்கார்ந்து, "உஞ் சித்தப்பன் கையி நடுங்கப் போவுது பாரு" என்று சிரித்துக்கொண்டிருந்தார். அப்போது அத்தையின் போனில் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு போட்டோ வந்தது. யாரோ ஆர்வக்கோளாறில் போட்டுவிட்டார்கள். சேலையின் ஒரு தலைப்பில் சித்தப்பா, மறு தலைப்பில் இன்னொருத்தர்.

"உனக்குத் தெரியுமா?" என்றார் அத்தை. அம்மா மெதுவாக வரச் சொன்னதைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. எழுந்து நடந்தார். சடையில் ஊசிகள் தொங்க, அவர் தெருவில் போக, நான் பின்னால் ஓடினேன். மண்டபம் அடுத்த தெருவில்தான்.

அத்தையைப் பார்த்ததும் மேளம் நின்றது. "சபையில வேண்டாம் சாமி, ரூமுக்குப் போயிப் பேசிக்கலாம்" என்று பெரியப்பா குறுக்கே வந்தார். அப்பா அவரை விலக்கிவிட்டு முன்னால் வந்தார். யாரிடமும் தணிந்து பேசாத அப்பா. "ஒளிச்சுத்தான் செஞ்சோம் புள்ள. உனக்கு வலிக்காம என்ன பண்ணும்? தப்பு எங்களுது" என்றார். இந்தத் தடவை ஒப்பிப்பதுபோல் இல்லை.

அத்தை கத்தினார். பெண் வீட்டார் அத்தனை பேரும் கேட்கக் கத்தினார். எனக்குக் காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றியது. சித்தப்பா மேடையிலிருந்து சேலையோடு இறங்கி வந்தார். மறு தலைப்பை எப்போதோ அந்த ஒன்றுவிட்ட அத்தை நிம்மதியாக விட்டிருந்தார். சித்தப்பா அதை எடுத்து அத்தையின் கையில் வைத்தார். "திட்டுக்கா. திட்டி முடிக்கற மட்டும் இங்கயேதான் நிப்பேன். எங்கயும் போவமாட்டேன்" என்றார். "சீரை மறுக்காச் செய்யலாமுங்க, ஒரு தடையுமில்லீங்க" என்று அருமைக்காரர் சாவகாசமாகக் கீழே உட்கார்ந்தார்.

அன்றோடு அத்தை குணமாகிவிடவில்லை. இன்னும் பல வருஷம் கோயம்புத்தூர் பஸ் ஏறினார். இப்போது அத்தை தனியாக ஒரு டெய்லரிங் கடை நடத்துகிறார். கெட்ட நாட்கள் இன்றும் வருகின்றன. வந்தால் அவரே போன் செய்து சொல்லிவிடுகிறார்.

ஆனால் அந்த மண்டபத்தில் நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு முழித்துக்கொண்டிருந்தேன். "போடா, எனக்கு நீயும் வேண்டாம், உன்ற சீரும் வேண்டாம், போ" என்று அத்தை தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். சேலைத் தலைப்பையோ விரல் வெளுக்க இறுக்கிப் பிடித்திருந்தார். "போகச் சொல்றாங்கல்ல, அப்புறம் ஏம்மா விட மாட்டேங்கறாங்க?" என்று கேட்டேன். அம்மா அழுதாள். பாவம், அம்மாவுக்கும் தெரியவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன்.