கண்டம் வண்டி

அம்மா பிக்கப் வண்டிக்கு அடியில் படுக்கும்போது தலைக்கு என் பழைய ஸ்கூல் பையை வைத்துக்கொள்வாள். நைட்டிக்கு மேல் அப்பாவின் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. வெளியே தெரிவது இரண்டு பாதங்களும் கொலுசும் மட்டும்தான். எங்கள் பிளாக்கில் தெருவோடு போகிறவர்கள் அந்தக் கொலுசைப் பார்த்துவிட்டு நடை தளர்வார்கள். பிறகு எதிர் குவார்ட்டர்ஸ் மாமாவிடம் விசாரிப்பார்கள். "ஆமா, அந்தம்மாவேதான்" என்று சொல்லிச் சொல்லி அவருக்கு அலுத்துப்போயிருந்தது.

அம்மா நிலக்கரிச் சுரங்கத்தின் வண்டிப் பட்டறையில் ஃபிட்டர். ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படித்து, பல வருடம் கான்ட்ராக்டில் கிடந்து, பிறகு பெர்மனென்ட் ஆனவள். ஷிஃப்ட் முழுக்க வண்டிகளோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவள், வீட்டுக்கு வந்தும் ஒரு வண்டியோடு மல்லுக்கட்டுவாளா? சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து கேட்டார்கள். எதற்கு இது? வாடகைக்கு விடவா? முந்திரி ஏற்றவா? அம்மா எல்லோருக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னாள்.

"இன்னாத்துக்குன்னா? ஓட்றதுக்குத்தான்."

அதை யாரும் பதிலாக எடுத்துக்கொள்ளவில்லை. நானும் எடுத்துக்கொள்ளவில்லை. அம்மா இட்லி சுட்டால் எங்களுக்காக, வேலைக்குப் போனால் சம்பளத்துக்காக. தனக்கென்று ஒன்றைச் செய்துகொள்வாள் என்பது ஒன்பது வயதில் எனக்குத் தோன்றவே இல்லை.

அந்த பிக்கப் அம்மாவின் பட்டறையிலேயே ஓடிய வண்டி. ஜீப் மாதிரி முகம், பின்னால் திறந்த தொட்டி. கிரீஸ் டிரம்களை ஏற்றிக்கொண்டு சுரங்கத்துக்குள் இறங்கி ஏறியே கிழடாகிவிட்டது. ஆயுள் முடிந்த வண்டியைக் கழித்துக் கட்டுவதைச் சுரங்கத்தில் "கண்டம் பண்றது" என்பார்கள். 'கண்டெம்ன்' என்கிற இங்கிலீஷ் சொல் எத்தனையோ வாய்களில் தேய்ந்து இந்த வடிவத்துக்கு வந்திருந்தது. அப்படிக் கண்டமான வண்டிகளை வடலூர்ப் பழைய இரும்புக்காரர் ஒருவர் மொத்தமாக ஏலத்தில் எடுத்தார். அதில் இந்த ஒன்றை மட்டும் அம்மா அவரிடமிருந்து வாங்கி, டிராக்டரில் கட்டி இழுத்துவந்து, குவார்ட்டர்ஸ் பக்கத்துப் பலா மரத்தடியில் நிறுத்திவிட்டாள். கதவில் யாரோ வெள்ளை பெயிண்டில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்கள்: கண்டம். நான்தான் அதை எழுத்துக்கூட்டிச் சத்தமாக வாசித்தேன்.

அம்மா வேலை செய்கிற அழகை இப்போது நினைத்தாலும் எனக்குப் பெருமையாக இருக்கிறது. அவசரமே கிடையாது. கழற்றிய போல்ட்டுகளை ஓட்டை இட்லித் தட்டுகளின் குழிகளில் வரிசையாகப் போடுவாள். எந்தக் குழியில் எந்த இடத்துப் போல்ட் என்று என் ரஃப் நோட்டின் பின்பக்கத்தில் படம் வரைந்துவைப்பாள். சேசிஸின் இடுக்குகளில் கெட்டிப்பட்டிருந்த பழுப்பு நிலக்கரித் தூளை ஸ்க்ரூ டிரைவரால் குத்திக் குத்தி எடுத்ததில் ஒரு பக்கெட் நிறைந்தது. "சுரங்கத்தையே வூட்டுக்குக் கொண்ணாந்துட்டா" என்றார் அப்பா. காற்று வடிகட்டிக்குள் அணில் கூடு கட்டியிருந்தது. குட்டிகள் ஓடித் திரியும்வரை இரண்டு வாரம் அந்தப் பக்கமே அம்மா கை வைக்கவில்லை. துரு தின்ற தகரத்தை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகரம் வைத்து, பட்டி பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்ப்பாள். ஒட்டுப்போட்ட இடம் விரலுக்குத் தட்டுப்பட்டால் மறுபடி தேய்ப்பாள். தொட்டியின் அடித்தளத்துக்குப் பண்ருட்டியிலிருந்து பலா மரப் பலகை வந்தது. மஞ்சள் பூசிய மாதிரி இருந்த அந்தப் பலகையில் நான் படுத்து வீட்டுப் பாடம் எழுதுவேன்.

அப்பா ஸ்கூலில் கிளார்க். அவருக்கு வண்டி என்றாலே பயம். ஆனால் அம்மாவைத் தடுத்ததில்லை. டார்ச் பிடிக்கச் சொன்னால் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு பிடிப்பார். ஷிஃப்ட் முடிந்து வந்து அம்மா நேராக வண்டிக்கடியில் போய்விட்டால் குக்கரை அவரே வைத்துவிடுவார். இப்படியே போயிருந்தால் ஒரு வம்பும் இல்லை.

குள்ளஞ்சாவடியில் ஒரு ஜோசியர் இருந்தார். சொந்தக்காரப் பெண்ணுக்குப் பொருத்தம் பார்க்கத் துணைக்குப் போன அப்பா, போனது போனோம் என்று தன் ஜாதகத்தையும் காட்டியிருக்கிறார். ஓணானை எடுத்து வேட்டியில் விட்டுக்கொண்ட கதைதான். வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"வாகனத்துல கண்டமாம். தை பொறக்குற வரைக்கும் உயிருக்கே உத்தரவாதம் இல்லன்னு சொல்லிட்டாரு."

தை பிறக்க அப்போது ஐந்து மாதம் இருந்தது. அன்றோடு அப்பா ஸ்கூட்டரைத் தொடுவதை விட்டார். சைக்கிள் வாகனத்தில் சேருமா என்று ஆள் விட்டுக் கேட்டதில், சக்கரம் இருந்தால் வாகனம்தான் என்று ஜோசியரிடமிருந்து பதில் வந்தது. அதற்குப் பிறகு அப்பா டிஃபன் கேரியரை ஹேண்டில்பாரில் மாட்டி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஸ்கூலுக்கு நடந்தார். பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் கவலைப்படவில்லை. அவர் நம்பினார், அவ்வளவுதான். சனிக்கிழமை தவறாமல் எள் தீபம் போட்டார்.

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அப்பாவுக்கு வாகனத்தில் கண்டம். எங்கள் வீட்டு வாகனத்தின் கதவில் கண்டம் என்றே எழுதியிருக்கிறது. இதற்குமேல் ஒரு பிள்ளைக்கு என்ன அத்தாட்சி வேண்டும்? அம்மா அந்த எழுத்தைத் தேய்த்து எடுத்துவிட்டு முதல் கோட் பெயிண்ட் அடித்தாள். காய்ந்ததும் எழுத்து மங்கலாக மேலே எழும்பி வந்தது.

டவுன்ஷிப் ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது அப்போதுதான். ஓடாத வண்டியைக் குவார்ட்டர்ஸில் நிறுத்தக் கூடாது என்பது விதி. மாதக் கடைசிக்குள் ஓட்டிக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் அப்புறப்படுத்த வேண்டும். தைக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அம்மா கடிதத்தை மடித்துவைத்துவிட்டு அப்பாவைப் பார்த்தாள்.

"உங்களுக்குப் பயமா இருந்தா சொல்லிடுங்க. இரும்புக் கடைக்கே குடுத்துடறேன்."

அப்பா குக்கரை இறக்கப் போய்விட்டார்.

பாக்கி இருந்தது நாசில் மாட்டுவதுதான். எஞ்சினுக்குள் டீசலைத் தூவுகிற நாசில், சுட்டுவிரல் அளவில் நான்கு. அந்தக் காலத்து எஞ்சினுக்கு அதெல்லாம் கடையில் கிடைக்காது. கடலூர்ப் பட்டறை ஒன்றில் சொல்லிவைத்து மாதக்கணக்கில் காத்திருந்து வாங்கியவை. நான்கையும் பழைய வேட்டித் துணியில் சுற்றி, இட்லித் தட்டின் நான்கு குழிகளில் வைத்திருந்தாள். ஒன்று குறைந்தாலும் வண்டி ஒழுங்காக ஓடாது என்று அவளே சொன்னாள். சொன்னது என் காதில் விழுந்தது.

சனிக்கிழமை மத்தியானம் அம்மா குளிக்கப் போன நேரத்தில் நான் ஒன்றை எடுத்தேன். நாலு கோடு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, "முருகா இதை நீயே வைத்துக்கொள். அப்பாவுக்குக் கண்டம் வேண்டாம்" என்று எழுதி, அதிலேயே நாசிலைச் சுற்றி, பூஜை அலமாரியில் இருந்த பெரிய விபூதி டப்பாவுக்குள் ஆழமாகப் புதைத்தேன். எங்கள் வீட்டில் பூஜை அப்பாவின் இலாகா. அம்மா அந்த அலமாரியைத் திறக்கவே மாட்டாள். என் புத்திசாலித்தனம் அதுவரைக்கும்தான் போயிற்று.

அம்மா சாயங்காலம் முழுக்கத் தேடினாள். இட்லித் தட்டுகளைக் கவிழ்த்துப் பார்த்தாள். மரத்தடி மண்ணைச் சல்லடையில் சலித்தாள். காந்தத்தைக் கயிற்றில் கட்டிப் புல்லுக்குள் இழுத்தாள். நானும் கூடவே குனிந்து குனிந்து தேடினேன். திட்டினால்கூடத் தேவலாம் போலிருந்தது. அவள் யாரையும் திட்டவில்லை. கடைசியில் ஸ்பேனர்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டியில் அடுக்கினாள். அத்தனை மாதத்தில் அந்தப் பெட்டியை அவள் மூடி நான் பார்த்ததில்லை.

"சரி, போவட்டும். திங்கக்கெழம இரும்புக்காரருக்கு போன் பண்ணிடுங்க" என்று அப்பாவிடம் சொன்னாள். சோப்புத் தூள் போட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். கை எப்போதோ சுத்தமாகிவிட்டிருந்தது. அப்பா வாசலில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விளக்கேற்ற உள்ளே போனார்.

மறுநாள் காலை நான்காவது நாசில் இட்லித் தட்டில் அதன் குழியிலேயே இருந்தது.

அம்மா அதை எடுத்து ஊதினாள். வெள்ளையாகத் தூள் பறந்தது. விரலில் தேய்த்து முகர்ந்து பார்த்தாள். உள்ளே அப்பா பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தார்.

"நாசிலுக்குப் பட்டை போட்டு அனுப்பிக்கிறாரு முருகன்" என்றாள் அம்மா, பொதுவாக.

பேப்பர் அசையவில்லை. அப்பாதான் பயத்தில் ஒளித்துவைத்து, மனசு கேட்காமல் திருப்பி வைத்துவிட்டார் என்று அம்மா முடிவு கட்டிவிட்டாள். இன்றுவரை விருந்தாளிகள் முன்னால் அவரை "நாசில் திருடன்" என்றுதான் கேலி செய்கிறாள். அவரும் சிரித்துக்கொள்கிறார். நான் மட்டும் அன்று அம்மாவின் சொல்லை அப்படியே நம்பினேன். முருகனே திருப்பி அனுப்பிவிட்டார் என்றால் கண்டம் நீங்கிவிட்டது என்றுதானே அர்த்தம்? நிம்மதியாக இரண்டு இட்லி கூடவே சாப்பிட்டேன்.

என் கல்யாணத்துக்கு ஜாதகம் எடுத்தபோதுதான் உண்மை தெரிந்தது. வீட்டு ஜாதகங்கள் இருந்த மஞ்சள் பையில், அப்பாவின் ஜாதக நோட்டுக்குள் நாலாக மடித்த ஒரு நாலு கோட்டுத் தாள் இருந்தது. என் கோணல் எழுத்து. மடிப்புகளில் இன்னும் விபூதி. அன்று விளக்கேற்றப் போனவர் சின்னச் சம்புடத்தில் விபூதி தீர்ந்து பெரிய டப்பாவில் கைவிட்டிருக்கிறார். கையில் தட்டுப்பட்டதை அப்படியே விட்டு டப்பாவை மூடியிருந்தால் போதும். வண்டி திங்கட்கிழமை இரும்புக் கடைக்குப் போயிருக்கும், அவர் நம்பிய கண்டமும் அதோடு போயிருக்கும். என்னைக் காட்டியும் கொடுக்கவில்லை. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்த நேரத்தில், நான் அழுதேன். பெண்ணுக்கு இஷ்டமில்லையோ என்று அவர்கள் பயந்துவிட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அம்மா நாசிலை டீசலில் நன்றாக அலசி மாட்டினாள். குழாயிலிருந்த காற்றை வெளியேற்றினாள். ஸ்டீரிங்குக்குப் பின்னால் ஏறிச் சாவியைத் திருகினாள். வண்டி இருமியது, வெள்ளைப் புகை கக்கியது, அணைந்தது. மூன்றாவது முறை பிடித்துக்கொண்டது. பலா மரத்துக் காக்கைகள் எல்லாம் பறந்தன. எதிர் குவார்ட்டர்ஸ் மாமா கை தட்டினார். அம்மா நீளமான ஸ்க்ரூ டிரைவரை எஞ்சின்மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டாள். அவள் முகத்தில் அன்று பார்த்த சந்தோஷத்தை வேறு எதற்கும் நான் பார்த்ததில்லை, நான் பிறந்த அன்று எப்படி இருந்தாள் என்பது எனக்குத் தெரியாது.

நான் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். அப்பா வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்தார். சலவைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி.

"பாப்பா, எறங்கு."

"நானும் வரேம்ப்பா."

"எறங்குன்னா எறங்கு. மொத ரவுண்டு நான் மட்டும்தான்."

"அவளும் குந்திகினு வரட்டுமே" என்ற அம்மா, அவர் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினாள். "நீங்களும் வர வேணாங்க. தை பொறக்கட்டும்."

"நீ மட்டும் தனியா போவியா?"

"போவேன்."

"போவ வேணாம்" என்று சொல்லிவிட்டு அப்பா என் அக்குளில் கைகொடுத்துத் தூக்கிக் கீழே விட்டார். மாமாவை என் பக்கத்தில் வந்து நிற்கச் சொன்னார். கைக்கடிகாரத்தைக் கழற்றி, வீட்டுச் சாவியோடு சேர்த்து என் கையில் வைத்து விரல்களை மூடினார். பிறகு ஏறி உட்கார்ந்து, ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

வண்டி கேட்டைத் தாண்டி மெயின் ரோட்டுப் பக்கம் திரும்பியது. அப்பாவின் உதடுகள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தன, பாட்டுப் பாடுகிறார் போலிருக்கிறது என்று எனக்கு எரிச்சலாக வந்தது. கடிகாரம் கொடுத்தால் சமாதானமாகிவிடுவேனா? அவர் திரும்பி வந்ததும் ஒரு வாரம் பேசக் கூடாது என்று முடிவெடுத்தேன். மாமாவிடம்கூடச் சொன்னேன், முன்சீட்டில் தனியாக உட்கார எங்கள் அப்பாவுக்கு எவ்வளவு ஆசை பாருங்கள் என்று.