ஒருத்திக்கு மட்டும் வேறு துணி

எங்கள் டெய்லரக்கா எதையும் பொறுத்துக்கொள்வாள். இன்று துணி கொடுத்துவிட்டு நாளைக்கே வந்து நச்சரிப்பவர்களைப் பொறுத்துக்கொள்வாள். அளவெடுக்கும்போது வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, பிறகு சட்டை பிடிக்கிறது என்று சண்டைக்கு வருபவர்களையும் பொறுத்துக்கொள்வாள். ஏன், சுவருக்கு இந்தப் பக்கம் சலவைக் கடை வைத்துக்கொண்டு நாள் முழுக்க நீராவி விடும் என்னையே பொறுத்துக்கொள்கிறாளே! ஆனால் ஒரு வீட்டுப் பிள்ளைகளில் ஒன்றுக்கு மட்டும் வேறு துணி எடுத்து வந்தால் போச்சு, முகம் கறுத்துவிடும்.

"ஏன், இந்தப் பிள்ளை மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?" என்று பெற்றவர்களிடமே கேட்டுவிடுவாள். துணி போதாது என்று அவர்கள் இழுத்தால், வெட்டை மாற்றி, ஒட்டுக் கொடுத்து, எப்பாடுபட்டாவது எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே துணியில் தைத்துவிடுவாள்.

காரணம் எனக்குத் தெரியும். அவள் பிறந்த வீட்டில் வரிசையாகப் பெண்கள், இவள் கடைக்குட்டி. அப்பா எல்லோருக்கும் சேர்த்து ஒரே துணியாக எடுத்து வருவார். அம்மா மூத்தவளில் தொடங்கி வெட்டிக்கொண்டே வருவாள். இவளிடம் வரும்போது துணி தீர்ந்திருக்கும். பெட்டியில் கிடக்கிற ஏதாவது துண்டில் இவளுக்கு ஒரு கவுன் தேறும். அந்தக் காலத்துக் குடும்பப் படம் ஒன்று உண்டு. அக்காமார் எல்லோரும் பூப்போட்ட துணியில் ஜம்மென்று நிற்கிறார்கள். இவள் மட்டும் ஓரத்தில், கட்டம் போட்ட கவுனில், படமெடுக்கும் நேரத்தில் தெரியாமல் உள்ளே வந்துவிட்ட பக்கத்து வீட்டுப் பிள்ளை மாதிரி நிற்கிறாள். அக்காமார் அவளுக்கு வைத்த பெயர் 'மிச்சத்துணி'. பெரியக்கா இன்றைக்கும் போனில் அப்படித்தான் கூப்பிடுவாள். இவளும் சிரித்துக்கொண்டேதான் பேசுவாள். ஆனால் அந்தப் படம் தையல் மெஷின் இழுப்பறையில், பொத்தான் டப்பாவுக்கு அடியில் குப்புறக் கிடந்தது. பொத்தான் சுடுவதற்காக அந்த இழுப்பறையை அடிக்கடி திறப்பவள் நான்தான் என்பதால் சொல்கிறேன்.

எங்கள் கடைகளுக்குப் பின்னால்தான் உள்விளையாட்டு அரங்கம். நாங்கள் கடை மூடிப் போகும்போதுகூட அதன் பின்கேட் வழியாகத்தான் குறுக்கே போவோம். அங்கே பெண்களுக்கான சர்வதேச வாலிபால் போட்டி வந்து இறங்கியதும் தெருவே மாறிப்போனது. கடைக் கண்ணாடியில் தலை தெரியாத அளவுக்கு உயரமான பெண்கள், கையில் பந்தைத் தட்டிக்கொண்டே எங்கள் வாசலைக் கடந்து போனார்கள். டெய்லரக்காவின் வீட்டுக்காரர் அந்த அரங்கத்தில் எலக்ட்ரீஷியன். போட்டிக்காக ஊழியர் எல்லோருக்கும் பளிச்சென்று ஆரஞ்சு நிற டீ-ஷர்ட் கொடுத்திருந்தார்கள். முதுகில் 'ஊழியர்' என்று பெரிதாக அச்சடித்திருந்தது. மனிதர் அதைப் போட்டதிலிருந்து நடையே மாறிவிட்டது. பல்பு மாற்றப் போகிறவர் போலவா நடந்தார்? கோப்பை வாங்கப் போகிறவர் போலத்தான் நடந்தார்.

ஒரு நாள் காலையில் வெளிநாட்டு அணி ஒன்றின் மேலாளர் அம்மா அக்காவின் கடைக்குள் நுழைந்தார். கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கியதால் நாங்கள் அவரை விசிலம்மா என்றே சொன்னோம். கூடவே மொழிபெயர்க்க ஒரு பெண், பின்னால் அணி மொத்தமும். விமானத்தில் அவர்கள் ஆட்டச் சட்டைகள் இருந்த பெட்டி மட்டும் காணாமல் போய்விட்டதாம். மறுநாள் மாலை ஆட்டம். தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். விளையாட்டுச் சாமான் கடையில் கரும்பச்சைத் துணி கிடைத்தது, ஆயத்தச் சட்டை கிடைக்கவில்லை. தைத்துத் தர முடியுமா?

அக்கா அதற்குள் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டுவிட்டாள்.

பெண்கள் ஒவ்வொருத்தியாக நிலைப்படியில் குனிந்து உள்ளே வந்தார்கள். அளவெடுக்க அக்கா ஸ்டூல் மேல் ஏற வேண்டியிருந்தது. கடைசியாக வந்தவள் மட்டும் குனியாமல் நேராக வந்தாள். மற்றவர்கள் தோளுக்குக்கூட வரமாட்டாள். முழங்கை, முழங்கால் எல்லாம் சிராய்ப்பு. அக்கா ஸ்டூலைத் தள்ளிவிட்டு, சிரித்துக்கொண்டே அவளுக்கு அளவெடுத்தாள்.

"இவங்களுக்கு மட்டும் வேற கலர்ல தைக்கணும்க்கா. மஞ்சள், வெள்ளை, எதுனாலும் பரவாயில்ல. பச்சை மட்டும் வேணாம்" என்றாள் மொழிபெயர்ப்புப் பெண்.

அக்காவின் கை நாடாவோடு அப்படியே நின்றது. "சரி" என்றாள். அந்த 'சரி' எப்படிப்பட்ட சரி என்று எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

அவர்கள் போனதும் என்னிடம் பொரிந்து தள்ளினாள். "பாத்தியாடி? இருக்கறதுலயே சின்னது. அதுக்குத்தான் துணி பத்தல போல! எல்லா ஊர்லயும் இதே கதைதானா?"

"அவங்க ஏதாவது காரணமாச் சொல்லிருப்பாங்கக்கா" என்றேன்.

"என்ன காரணம்? துணி பத்தாதுங்கறதுதான் காரணம். பத்த வெக்கிறேன் பாரு!"

பத்த வைத்தாள். துணியை இப்படிப் போட்டு, அப்படித் திருப்பி, ஒரு சட்டையின் கைக்குள் இன்னொரு சட்டையின் கழுத்தை வெட்டி, கடைசியில் விரல் நுழையாத துண்டுகள்தான் மிச்சம். எண்களை வெள்ளைத் துணியில் வெட்டிக் கொடுத்தாள், நான் ஒட்டுத்தாள் வைத்துச் சூடாகத் தேய்த்து ஒட்டினேன். அந்தச் சின்னப் பெண்ணுக்கு எட்டாம் எண். அவள் சட்டைக்குத்தான் அக்கா தையலைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். மறுநாள் மாலை, எல்லாவற்றையும் மடித்து, மொத்தக் கட்டையும் தானே தூக்கிக்கொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு அரங்கத்துக்குப் போனாள். வாயெல்லாம் பல். உள்ளே பெண்கள் பழைய பனியன்களோடு பந்தடித்துக் கைகால்களைச் சூடேற்றிக்கொண்டிருந்தார்கள்.

விசிலம்மா கட்டைப் பிரித்தார். ஒவ்வொன்றாக எடுத்துத் தந்தார். பெண்கள் தடவிப் பார்த்துச் சிரித்தார்கள். எட்டாம் எண் சட்டை வெளியே வந்தது. விசிலம்மா அதை விரித்துப் பிடித்தார். திருப்பிப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

"அக்கா, இவங்களுக்கு வேற கலர் சொன்னேனே!" என்று பதறினாள் மொழிபெயர்ப்புப் பெண்.

"துணி பத்துச்சும்மா. எல்லாத்துக்கும் ஒரே மாதிரி தச்சிட்டேன்" என்றாள் அக்கா, பெருமையாக.

"ஐயோ, துணிக்காக இல்லக்கா! இவங்க லிபரோ. பின்னால நின்னு, அடிக்கிற பந்தைக் கீழ விழாம எடுக்கறவங்க. வேற கலர் போடலன்னா நடுவர் உள்ளயே விடமாட்டார். இன்னைக்கு வெளியிலதான் உக்காரணும்."

அக்காவுக்குப் பேயறைந்தது போலாகிவிட்டது. அந்தச் சின்னப் பெண் பச்சைச் சட்டையை வாங்கி, கவனமாக மடித்து, பெஞ்சில் வைத்துவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். கோபித்திருந்தால்கூடத் தேவலை.

"ஒதுக்கி வெக்கக் கூடாதுன்னு நினைச்சேன்டி. நானே இப்ப ஒதுக்கி உக்கார வெச்சிட்டேன்" என்றாள் அக்கா என்னிடம்.

அக்காவின் கடையில் வேறு விளையாட்டுத் துணி கிடையாது. என் கடையில் வெள்ளை வெள்ளையாகத் தொங்குகிறது, ஆனால் ஊரார் வீட்டுப் படுக்கை விரிப்பைச் சுற்றிக்கொண்டு யாராவது தரையில் பாய்ந்து விழ முடியுமா? அந்த நேரம் பார்த்து, ஸ்கோர் பலகையின் ஒயரைச் சரிபார்த்துவிட்டு அக்காவின் வீட்டுக்காரர் அதே கோப்பை நடையில் எங்கள் பக்கம் வந்தார். அக்கா அவரைப் பார்க்கவில்லை. அவர் சட்டையைப் பார்த்தாள்.

"இந்த ஆரஞ்சு ஆகுமான்னு கேளு" என்றாள். மொழிபெயர்ப்புப் பெண் நடுவரிடம் ஓடிப்போய்க் கேட்டு வந்தாள். பச்சையோடு கலக்காத எந்த நிறமும் சரிதான், முன்னாலும் பின்னாலும் எண் தெளிவாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

"என்னங்க, கழட்டுங்க" என்றாள் அக்கா.

"எதை?"

"சட்டைய!"

"இங்கயா? ஏம்மா, ஊரே பாக்குது!"

"ஊரு உங்களப் பாக்கவா டிக்கெட் வாங்கிருக்கு? கழட்டுங்க!"

அடுத்த நொடி சட்டை அக்காவின் கையில். மனிதர் பனியனோடு, ஒரு அட்டைப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

பின்கேட் வழியாக ஓடினோம். என் உடம்புக்கு அதை ஓட்டம் என்று சொல்ல முடியாது, ஆனாலும் ஓடினேன். அக்கா சட்டையை உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பினாள். 'ஊழியர்' ஒளிந்துகொண்டார். இரண்டு பக்கமும் வெட்டி ஒடுக்கி, கையைக் குட்டையாக்கி, மெஷினை மிதித்த மிதியில் சுவருக்கு இந்தப் பக்கம் என் கடை நாட்காட்டி ஆடியது. வெள்ளை தீர்ந்துபோயிருந்தது, மிச்சப் பச்சைத் துண்டுகளை ஒட்டுப்போட்டுத்தான் எண் வெட்ட வேண்டும். "ஒண்ணாம் நம்பரா இருந்திருக்கக் கூடாதா? ரெண்டு ஓட்டை வெச்ச எட்டு!" என்று புலம்பிக்கொண்டே வெட்டினாள். நான் தேய்த்து ஒட்டினேன். சூடு ஆறுவதற்குள் தூக்கிக்கொண்டு திரும்ப ஓடினோம்.

நாங்கள் உள்ளே நுழையும்போது அணிகள் வரிசையில் நின்றுவிட்டிருந்தன. நடுவர் சட்டையை முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார். சரி என்று தலையை ஆட்டினார். அந்தப் பெண் அதைப் போட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

எனக்கு அதுவரை வாலிபால் என்றால் துள்ளிக் குதித்து வலைக்கு மேல் அடிப்பதுதான். அன்றைக்குத்தான் தரையைப் பார்த்தேன். எதிரணிக்காரி ஓங்கி அடிப்பாள். முடிந்தது என்று நாங்கள் கண்ணை மூடுவோம். திறந்தால் ஆரஞ்சு நிறம் தரையோடு தரையாகப் பாய்ந்து, பந்து மேலே எழும்பியிருக்கும். கூட்டத்துக்கு அவள் பெயர் தெரியாது. "ஆரஞ்சு! ஆரஞ்சு!" என்று கத்த ஆரம்பித்துவிட்டார்கள். என் தொண்டையும் அன்றே கட்டிக்கொண்டது.

அக்கா கத்தவில்லை. மொழிபெயர்ப்புப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "ஏம்மா, இவளுக்கு மட்டும் ஏன் வேற கலர்?"

"மத்தவங்க மாறணும்னா நடுவர்கிட்டக் கேக்கணும்க்கா. இவங்க கேக்க வேணாம். வேணும்ங்கறப்ப உள்ள வரலாம், வெளிய போகலாம். அதனால எங்க இருந்தாலும் நடுவர் கண்ணுக்குச் சட்டுனு தெரியணும்."

அக்கா கண்ணைத் துடைத்தாள். வியர்வை என்றாள். அந்த அரங்கத்தில் குளிர்சாதனம் போட்டுத் தள்ளியதில் பனியனோடு இருந்த அவள் வீட்டுக்காரருக்குப் பல் கிட்டித்துக்கொண்டிருந்தது, இவளுக்கு வியர்த்ததாம்.

அன்று அவர்கள் ஜெயித்தார்கள். ஆட்டம் முடிந்ததும் அந்தப் பெண் நேராக வந்து, வியர்வையோடு அப்படியே அக்காவைக் கட்டிக்கொண்டாள். வீட்டுக்காரர் மெதுவாகச் சட்டையைச் சுட்டிக்காட்டிக் கையை நீட்டினார். அவள் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தரமாட்டேன் என்று தலையை ஆட்டினாள். மறுநாள் பெட்டி கிடைத்துவிட்டது, பழைய சட்டைகளெல்லாம் வந்துவிட்டன. அப்படியும் அடுத்த ஆட்டத்தில் பச்சைச் சட்டையும் ஆரஞ்சும்தான் இறங்கின. அதில் அவர்கள் தோற்றார்கள். அதற்கு எங்கள் தையல் பொறுப்பல்ல.

போட்டி முடிந்து தெரு பழையபடி ஆனது. இன்று காலை பொத்தானுக்காக அந்த இழுப்பறையைத் திறந்தேன். டப்பாவுக்கு அடியில் படம் இல்லை. திடுக்கிட்டு நிமிர்ந்தால், மெஷினுக்கு நேர் மேலே சுவரில், புதுக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது. என் கடைச் சுவரில் இருந்த ஆணியைத்தான் பிடுங்கி வந்து அடித்திருக்கிறாள். சட்டை தைக்கக் கொடுக்க வந்த ஒரு அம்மா அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் உங்க அக்காங்களா? ஒரே துணி, அழகா இருக்கு. ஓரத்துல நிக்கிறது யாரு?"

அக்கா ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னாள்.

"நான்தான். சட்டுனு கண்ணுக்குத் தெரியறேன்ல?"