நாற்பத்தொன்றில் நான்கு பேர், நாற்பத்து மூன்றில் யாருமில்லை

லண்டன் வால்தம்ஸ்டோவில் ஒரே சுவரைப் பங்குபோட்டு நிற்கும் இரண்டு வீடுகளைப் பற்றி, ஒரே பின்னேரத்தில், நான் இரண்டு பொய்களை எழுதிக் கொடுத்தேன். இரண்டும் இரக்கப்பட்டுச் செய்தவை. அதனால் ஒரு கிழவர் தனியே கிடந்து செத்தார். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

புதிய நூற்றாண்டு பிறந்து ஐந்தாறு வருடமாகியிருந்தது. கணவருக்குப் பெற்றோல் ஸ்டேஷனில் ஷிப்ட் வேலை. எனக்கு உள்ளூராட்சிக் கவுன்சிலில் இரண்டு மாதத் தற்காலிக வேலை கிடைத்தது. ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் அங்கே வாக்காளர் பட்டியலைப் புதுப்பிப்பார்கள். எல்லா வீடுகளுக்கும் ஒரு படிவம் போகும். அதைத் திருப்பி அனுப்பாத வீட்டுக் கதவை என்னைப் போன்ற ஒருவர் போய்த் தட்டி, யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டு எழுத வேண்டும். எனக்கு அடுத்த வீட்டு விடுப்பு, அதாவது வம்பு, கேட்பதில் எப்போதும் கொஞ்சம் ஆசை உண்டு. அதற்குச் சம்பளமும் தருகிறார்கள் என்றால் கசக்குமா?

ஆனால் என் பெயரே அந்தப் பட்டியலில் இல்லை. இலங்கைக் கடவுச்சீட்டோடு வந்தவர்களுக்கும் விசா இருந்தால் இங்கே வாக்கு உண்டு. பழைய சாம்ராஜ்யம் மறந்துபோய் விட்டுவைத்த சலுகை அது. பதினொரு வருடமாக எங்கள் வீட்டுக்கு வந்த படிவத்தை ஒவ்வொரு முறையும் நான் கிழித்துக் குப்பையில் போட்டேன். வேலை கிடைத்த வருடமும் கிழித்தேன்.

காரணம் இருந்தது. ஊரில் எங்கள் வீட்டில் எத்தனை பேர் என்று எழுதிய தாள் ஒன்று இருந்தது. ஆமி, அதாவது இராணுவம், வந்தால் தாளையும் தலைகளையும் ஒத்துப் பார்ப்பார்கள். ஒரு நாள் காலையில் தெருவிலிருந்த எல்லோரையும் வெளியே கூப்பிட்டு வரிசையில் நடக்கவிட்டார்கள். ஜீப்புக்குள் முகத்தைச் சாக்கால் மூடிய ஒருவன் இருந்தான். தலையாட்டி என்று சொல்வோம். அவனும் தமிழன்தான், பிடிபட்டு, அடிவாங்கி, காட்டிக்கொடுக்க உட்கார வைக்கப்பட்டவன். என் அண்ணன் முன்னால் போனபோது அந்தச் சாக்கு ஒருமுறை ஆடியது. அண்ணன் திரும்பி வரவில்லை. அதன் பிறகு வீட்டில் யார் யார் என்று கேட்கும் எந்தத் தாளையும் நான் நிரப்பியதில்லை.

ஒக்டோபர் கடைசி. மணிக்கூட்டை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளியிருந்தார்கள், நாலரைக்கே வெளிச்சம் செத்துவிடும். அந்தத் தெரு இரண்டு பக்கமும் ஒட்டி ஒட்டிக் கட்டிய சிறிய செங்கல் வீடுகள். மூலை வீட்டை ஓர் இளம் பெண் வழக்கறிஞர் வாங்கி, கதவுக்குச் சாம்பல் நிறம் அடித்திருந்தார். மற்ற வீடுகளில் பாதியில் திரைச்சீலை மூடியே கிடந்தது. என் கையிலிருந்த தாளில் உள்ள தெருவும் கண்ணால் பார்த்த தெருவும் ஒன்றல்ல என்று இரண்டாம் நாளே எனக்கு விளங்கிவிட்டது. தாளில் பெயர் இருந்த வீட்டில் ஆளில்லை. ஆளிருந்த வீட்டுக்குத் தாளில் பெயரில்லை. நடக்க நடக்க எனக்கு அந்தத் தெருவில் எது உண்மை என்றே சந்தேகம் வந்தது.

நாற்பத்து மூன்றாம் எண் வீட்டுக்குத் தாளில் வெற்று வரி. கிட்டப் போனதும் கறிவேப்பிலை தாளிக்கும் மணம் வந்தது. உள்ளே தமிழ் நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. நான் கதவைத் தட்டினேன். நாடகம் பாதி வசனத்தில் நின்றது. அடுப்பு அணைந்தது. அழத் தொடங்கிய ஒரு குழந்தையின் சத்தம் சட்டென்று எங்கோ அமுங்கிப்போனது. கதவின் கண்ணாடித் துண்டு வழியே பார்த்தால் உள் நடையில் ஏழெட்டுச் சோடிச் சப்பாத்துகள். அப்புறம் ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில், வீட்டில் ஒருவரும் இல்லை என்றது.

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. "பயப்பிடாதேங்கோ, நானும் தமிழ்தான்" என்றேன். அதுதான் நான் விட்ட பிழை. உள்ளே ஒரு தாழ்ப்பாள் விழுந்தது, அதற்கு மேல் இன்னொன்று. கையில் பட்டியலோடு வாசலில் நிற்கும் தமிழரை, விசா இல்லாமல் ஒளிந்திருக்கும் அவர்கள் யாரென்று நினைப்பார்கள் என்பது எனக்குத் தெரியாதா? இருட்டில் அந்தப் படியில் நின்றபோது என் முகத்தில் சாக்குத் துணி உரசுகிற மாதிரி இருந்தது. உண்மையாகவே கையால் தடவிப் பார்த்தேன்.

அங்கிருந்து நாற்பத்தொன்றுக்குப் போனேன். தாளில் நான்கு பெயர்: ஒரு கிழவர், அவர் மனைவி, இரண்டு மகன்மார். கதவைத் திறந்தவர் கிழவர், வெள்ளைக்காரர். உள்ளே கூப்பிட்டு, தேநீர் போடட்டுமா என்று கேட்டுவிட்டு, மாடிப்படியின் அடியில் நின்று மேலே பார்த்து, "கவுன்சிலில் இருந்து ஆள் வந்திருக்கு" என்று குரல் கொடுத்தார். பதில் இல்லை. அவர் காதைச் சரித்துக்கொண்டு காத்து நின்றார். பிறகு மேலே எங்கோ பலகை கிறீச்சிட்டது. யாரோ நடந்தார்கள்.

"கேட்டதா?" என்று கிழவர் முகம் மலர்ந்து சொன்னார். "எல்லோரும் வீட்டில்தான்."

நான் சுற்றிப் பார்த்தேன். அந்த வீட்டில் இரண்டாவது ஆள் இருந்ததற்கு ஓர் அடையாளமும் இல்லை. ஒரு கோட், ஒரு தடி, ஒரு சோடிச் சப்பாத்து. மனைவி இறந்து ஆறு வருடம் என்று அவரே பிறகு சொன்னார். மகன்மார் எசெக்ஸ் பக்கம் பெரிய வீடு வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த நடைச் சத்தம் சுவருக்கு அப்பால் இருந்து வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த வீட்டில் யாரோ கால் மாற்றி வைத்திருக்கிறார்கள்.

தேநீரோடு அவர் தெருவின் கதையைச் சொன்னார். அவர் பேசியது ஆங்கிலம், எனக்குள் அது தமிழாகத்தான் கிடக்கிறது. அந்தத் தெரு ஆண்கள் எல்லோரும் மேசை நாற்காலி செய்யும் ஒரே தளபாடத் தொழிற்சாலையில் வேலை செய்தார்கள். சங்கு ஊதினால் எல்லாக் கதவும் ஒன்றாகத் திறக்கும். வெள்ளிக்கிழமை தொழிற்சங்கச் சந்தா வாங்க வருபவரே தேர்தல் வந்தால் தொழிலாளரின் சிவப்புக் கட்சிக்கு வாக்குக் கேட்பார். கேட்கவும் தேவையில்லை, வந்து தேநீர் குடித்துவிட்டுப் போவார். இப்போது தொழிற்சாலை விலை கூடிய பிளாட்டுகள் ஆகிவிட்டது. கட்சி மூலை வீட்டு வழக்கறிஞரைப் போன்றவர்களின் கட்சி ஆகிவிட்டது.

"அவர்கள் என்னை எதிர்க்கவில்லை. நான் இருப்பதே அவர்களுக்கு ஞாபகம் இல்லை. என் மனைவியை எண்ணுகிற மாதிரியேதான் என்னையும் எண்ணுகிறார்கள்."

மேசையில் இன்னொரு கட்சியின் துண்டுப்பிரசுரம் கிடந்தது. உங்கள் தெருவை அந்நியரிடமிருந்து மீட்டெடுப்போம் என்ற வகை. நான் பார்த்ததை அவர் பார்த்தார். "இவன் வந்து கதவைத் தட்டினான்" என்றார். "அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தான்." அவ்வளவுதான் காரணம் என்பது போலக் கையை விரித்தார்.

மனைவியின் பெயரையும் மகன்மாரின் பெயர்களையும் வெட்ட வேண்டும் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. "வேண்டாம். வெட்டினால் பிறகு இந்த வீட்டில் நான் ஒருவன் என்று ஊருக்கே தெரியும். தனிக் கிழவன் என்று தெரிந்தால் முதியோர் ஹோமில் கொண்டுபோய்ப் போடுவார்கள். நாலு பேரும் இருக்கட்டும்." அவர் கெஞ்சினார். மேல்சட்டைப் பித்தானைப் பூட்டவும் கழற்றவுமாக இருந்த அந்தக் கையைப் பார்க்க எனக்குப் பாவமாகப் போய்விட்டது.

பிறகு அவர் சுவர்ப் பக்கம் திரும்பினார். "பக்கத்து வீட்டில் எத்தனை பேர் என்று எழுதினாயா? நான் சொல்கிறேன். கனமான நடைக்காரன் ஒருவன் விடிய ஐந்து மணிக்குப் போவான். இரண்டு பொடிநடை. ஒரு குழந்தை. மற்றவர்களையும் சேர்த்தால் ஒன்பது பேர்." சுவரைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினார்.

அந்தத் தலை ஆடியதும் எனக்கு மண்டைக்குள் ஏதோ அறுந்தது. பிரசுரமும் சாக்கும் ஜீப்பும் ஒன்றாகக் கலந்துவிட்டன. காட்டிக்கொடுக்கிறார் என்று மட்டும்தான் எனக்கு விளங்கியது. அந்த நடைச் சத்தங்களை அவர் எவ்வளவு ஆசையோடு ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொன்னார் என்பது அப்போது என் காதில் ஏறவில்லை. தேநீரைக் குடிக்காமல் எழுந்தேன். நாற்பத்தொன்றுக்கு, மாற்றமில்லை, நான்கு பேர் என்று எழுதினேன். நாற்பத்து மூன்றுக்கு, வெற்று வீடு, ஒருவரும் இல்லை என்று எழுதினேன்.

போகும் வழியில் நாற்பத்து மூன்றின் தபால் துவாரத்தைத் தள்ளிக் குனிந்தேன். "தங்கச்சி, வீட்டில ஒருத்தரும் இல்லையெண்டு எழுதிப்போட்டன். இனி ஒருத்தரும் வரமாட்டினம். பயப்பிடாம இருங்கோ." மறுபக்கம் மிகக் கிட்டத்தில் யாரோ மூச்சு விடுவது கேட்டது. நான் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிய பெருமையோடு வீட்டுக்கு நடந்தேன்.

அடுத்த ஏப்ரலில் உள்ளூர்த் தேர்தலுக்காகத் தெரு முழுக்கக் கட்சிக்காரர் திரிந்தார்கள். அந்தத் தேர்தலில் மீட்டெடுப்போம் என்றவன் வெல்லவில்லை, ஆனால் மயிரிழையில்தான் தோற்றான். அந்த மாதிரித் தெருக்களின் கோபமான வெள்ளைக் கிழவர்கள் அவனுக்கு அள்ளிப் போட்டார்கள் என்று டிவியில் விளக்கம் சொன்னார்கள். எனக்குத் தெரிந்த ஒரே கிழவர் ஒருவருக்கும் போடவில்லை. வாக்குப் பதிவுக்கு இரண்டு வாரம் முன்பே அவரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

அந்த நாள் நான் தற்செயலாக அந்த வழியே வந்தேன். நாற்பத்தொன்றின் கதவு உடைந்து கிடந்தது. தபால்காரர் துவாரத்தில் கடிதம் நுழையவில்லை என்று பொலிசுக்குச் சொல்லியிருக்கிறார். துவாரத்தை அடைத்தவை வாக்காளர் அட்டைகளும் எல்லாக் கட்சிப் பிரசுரங்களும். ஒருவர் போட்டது உள்ளே விழாததைப் பார்த்தும் அடுத்தவர் அதன்மேல் இன்னொன்றைத் திணித்திருக்கிறார். கிழவர் குளியலறைக்குப் போகும் வழியில் விழுந்து இடுப்பு உடைந்து கிடந்தாராம். உடனே சாகவில்லை, இரண்டு மூன்று நாள் உயிர் இருந்திருக்கும் என்றார்கள்.

மூலை வீட்டு வழக்கறிஞர் வீதியில் அழுதுகொண்டு நின்றார். சிவப்புக் கட்சிக்காக அந்தத் தெருவைப் பார்த்துக்கொண்டது அவர்தான். "பட்டியலில் ஒரே பெயர் உள்ள வயதானவர்களின் வீட்டுக்கெல்லாம் போனேன்" என்றார். "வாக்களிக்கக் கார் வேண்டுமா, உடம்பு எப்படி என்று கேட்டேன். இந்த வீட்டில் நான்கு பெயர் இருந்தது. மகன்மார் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன்." அவர் அந்தத் தெருவுக்கு வந்து நாலு வருடம். நாற்பத்தொன்றில் எத்தனை பேர் என்று அறிய அவருக்கு என் தாள் தேவைப்பட்டது. அவரைத் திட்ட வாய் வந்தது. எழுதியது நான் அல்லவா, மூடிக்கொண்டேன்.

உள்ளே டிவி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பொலிஸ்காரர் ஒருவர் போய் அதை நிறுத்தினார். பிறகு நாற்பத்து மூன்றைத் தட்டினார். ஒருவரும் திறக்கவில்லை. அவர் தன் தாளைப் பார்த்து, வெற்று வீடு என்று சொல்லிவிட்டுப் போனார். எல்லோரும் கலைந்ததும் நான் போய்த் தபால் துவாரத்தில் தமிழில் பேசினேன். என் குரலை அவள் மறக்கவில்லை. கதவு திறந்தது. இருபத்தைந்து வயதுகூட இருக்காது, இடுப்பில் குழந்தை. முகம் வெளிறிக் கிடந்தது.

"அக்கா, ஒன்பது நாளா அந்த டிவி நிக்கேல்லை" என்றாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "தெரிஞ்சும் ஏன் பிள்ளை ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"முதல் ரெண்டு நாளும் அந்தக் கிழவர் சுவரில தட்டினவர். பிள்ளை அழுறதுக்கு ஏசுறார் எண்டு நினைச்சன். பிள்ளையின்ர வாயைப் பொத்திக்கொண்டு இருந்தனான். எல்லாரையும் சத்தம் போடாம நடக்கச் சொன்னனான். ஒருத்தரும் மாடிக்கு ஏறவும் இல்லை."

மாடிப்படியின் அடியில் காதைச் சரித்துக்கொண்டு அவர் நின்ற விதம் என் கண்ணுக்குள் வந்தது. "ஒரு போனாவது அடிச்சிருக்கலாமே" என்று கேட்டேன், ஏதாவது கேட்க வேண்டும் என்பதற்காக.

அவள் குற்றம் சொல்லவில்லை. உண்மையாகவே தெரியாமல்தான் என்னைத் திருப்பிக் கேட்டாள்.

"ஆரெண்டு சொல்லி அடிக்கிறது, அக்கா? இந்த வீட்டில ஒருத்தரும் இல்லையெண்டு நீங்கள்தானே எழுதிப்போட்டுப் போனனீங்கள்."