இரும்புக் காலும் பித்தளை ஆணியும்

தங்கையின் திருமணத்தன்று காலை, பிரிக்பீல்ட்ஸ் வீட்டிலிருந்து எல்லோரும் கிளம்பத் தயாராகிக்கொண்டிருந்தபோது, அப்பா காலில் மாட்டிய சப்பாத்து வாயைப் பிளந்தது. நல்ல தோல் சப்பாத்து. அவர் ஓய்வுபெற்றதிலிருந்து பெட்டியிலேயே கிடந்தது. முன்பக்கம் அடித்தோல் கழன்று தொங்கியது. கிள்ளான் தேவாலயத்தில் தங்கையைக் கைப்பிடித்து அழைத்துப் போக வேண்டியவர் அவர்.

"தம்பியோட சப்பாத்தப் போட்டுக்குங்க லா," என்றார் அம்மா.

"அது எனக்குப் பத்தாது."

"என்கிட்ட கொடுங்கப்பா," என்றேன்.

அந்தக் காலத்தில் வீடுகளுக்கென்று விற்ற சப்பாத்துச் சாமான்களைப் பழைய பொருள் சந்தைகளில் வாங்கிச் சேர்ப்பது என் பழக்கம். பாலிஷ் மெழுகு டின், பசைக் குழாய், அட்டைப் பெட்டியில் பித்தளை ஆணி, சப்பாத்தைக் கவிழ்த்து மாட்டும் இரும்புக் கால். என் ஆபீஸ் சப்பாத்துகளுக்கு நானேதான் வைத்தியம். "பழைய இரும்புக் கடை வைக்கப் போறியா?" என்று எப்போதும் கேலி செய்யும் அப்பா, அன்று சப்பாத்தைக் கழற்றி நீட்டினார்.

பசை கல்லாக இறுகியிருந்தது. நான் கலங்கவில்லை. இரும்புக் காலில் சப்பாத்தை மாட்டி, அடித்தோலை அழுத்தி, ஆணிகளை அடித்தேன்.

"கால்ல குத்தாதா?"

"குத்தாதுப்பா. உள்ளே இருக்கிற இரும்புல முனை பட்டு மடங்கிக்கும்."

கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தார். சரியென்று தலையை ஆட்டினார்.

மெழுகு வெடித்துக் காய்ந்திருந்தது. தங்கைக்குத் தலை உலர்த்திக்கொண்டிருந்த மெஷினை வாங்கி அதைச் சூடாக்கினேன்.

"அக்கா, என் முடி இன்னும் காயல."

"உன்ன யாரு பாக்கப் போறா? எல்லாரும் அப்பா காலத்தான் பாப்பாங்க."

அவள் சிரித்துவிட்டாள். காலையிலிருந்து அழுதுகொண்டிருந்தவள்.

மெழுகு இளகி, தோலில் பளபளப்பு ஏறியது. தேவாலயத்தில் முதல் வரிசையில் நின்று, மணப்பெண்ணை விட்டுவிட்டு அப்பாவின் காலையே பார்த்தேன். நடை பிசகவில்லை. இரவு விருந்தில் அம்மாவோடு ஆடவும் ஆடினார்.

மறுநாள் இன்னொரு ஜோடியைத் தூக்கிக்கொண்டு வந்தார். ரப்பர் அடிப்பாகம் தொட்டாலே பொடியாக உதிர்ந்தது.

"இதையும் கொஞ்சம் பாரேன்."

"இது தேறாதுப்பா. தூக்கிப் போட்டுருங்க."

தன் பழைய சாமான் எதையும் எறிய மனம் வராதவர், மறுபேச்சில்லாமல் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு காபி குடிக்கப் போனார்.