நாயை நாயென்று எழுதியவர்

செல்வமலர் எதை எழுதினாலும் கடைசிச் சொல்லோடு பேனாவைத் தூக்கமாட்டார். மிஞ்சியிருக்கும் வெற்றுத் தாளில் மேலிருந்து கீழே, ஒரே இழுப்பில் ஒரு சாய்கோடு. அதன் நுனியில் கையெழுத்து. கவுன்சில் படிவம், பிறந்தநாள் வாழ்த்து, பக்கத்து வீட்டுக் கதவில் ஒட்டும் துண்டுத்தாள், எல்லாவற்றிலும் அந்தக் கோடு உண்டு. புலம்பெயர்ந்து வாழும் கோலியர்ஸ் வுட்டில் அவரோடு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்யும் பெண்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், என் எழுத்துக்குக் கீழே இன்னொருவர் சொல் சேர்க்க ஏலாது என்பார்.

அது யுத்தகாலப் பழக்கம். அப்போது அவர் வன்னி எல்லையில் ஒரு கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், எழுதுவினைஞர். அப்பா ரயில்வேக்காரர் என்பதால் தெற்கே சிங்கள ஊரான காலியில் வளர்ந்தவர். சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. இயக்கப் பொறுப்பாளரும் மறுபக்கத்து இராணுவ மேஜரும் எழுதிக்கொண்ட கடிதங்கள் அவர் மேசையில்தான் மொழி மாறின. அம்புலன்ஸை எப்போது விடுவது, எல்லை தாண்டிய மாடுகளை யார் திருப்புவது, செத்தவர்களை எங்கே கையளிப்பது. மூலக் கடிதம் மொழிபெயர்ப்போடு சேர்ந்தே போய்விடும். கச்சேரியில் தங்கியது மொழிபெயர்ப்பின் கார்பன் பிரதி மட்டும்.

அந்தப் பிரதிகள் எப்படியோ அதே நகரத்தின் மறுகோடியான ஹரோவுக்கு வந்து சேர்ந்தன. ஓய்வுபெற்ற கணக்காளர் வாமதேவன் அவற்றைப் புத்தகமாகப் போட ஆசைப்பட்டு, சிங்களத்திலிருந்து மறுபடி தமிழாக்கித் தரும்படி செல்வமலரைக் கேட்டார். ஒரு கடிதம் வரும்வரை எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. அதில் பொறுப்பாளர் எழுதியிருந்தார்: உங்கள் பொடியன்களை நாய் இழுக்கிறது, வந்து பொறுக்கிக்கொண்டு போங்கள்.

வாமதேவனின் முகம் சுருங்கிவிட்டது. ‘உடல்களை உரிய மரியாதையுடன் ஒப்படைக்கிறோம்’ என்று மாற்றச் சொன்னார். அன்று கச்சேரியில் மேலதிகாரியும் இதையேதான் சொன்னார், அன்றைக்கே கேட்காதவள் இன்றைக்கா கேட்கப்போகிறேன் என்றார் செல்வமலர்.

வாமதேவன் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

“அக்கா, கோவிக்காதேங்கோ. மூலம் இல்லை. நாய் எண்டு அவர்தான் எழுதினவரோ, இல்லாட்டி நீங்கள் போட்டனீங்களோ?”

புத்தகத்தைக் கணினியில் கோத்துக்கொண்டிருந்த வாமதேவனின் அண்ணன் மகள் லோஜினி தட்டுவதை நிறுத்தினாள்.

அந்த யுத்தத்தில் செல்வமலர் துவக்குத் தூக்கியதில்லை, மேடை ஏறியதில்லை. தன் கையால் ஒரு சொல் கூடியதும் இல்லை, குறைந்ததும் இல்லை என்பது ஒன்றுதான் அவருக்கென்று இருந்தது. அதிலும் கை வைக்கிறார் இந்த மனிதர்.

தாளை இழுத்தார். நாயை நாயென்றே எழுதினார். கீழே கோட்டைப் போட்டுக் கையெழுத்து வைத்தார்.

“இந்தக் கடிதம் வராட்டி நான் செய்த மற்றதுகளும் வராது, தம்பி. என்ர பேரைப் பெரிசாப் போடுங்கோ. ஏச வாறவை கோலியர்ஸ் வுட்டுக்கு வரட்டும். வேணுமெண்டால் பஸ் நம்பரையும் போடுங்கோ.”

லோஜினி சிரிப்பை அடக்கக் குனிந்துகொண்டாள். அந்தப் பக்கத்தைக் கோட்டோடு அப்படியே ஸ்கேன் பண்ணிப் போட்டவளும் அவள்தான்.

புத்தகம் வந்ததும் ஏச்சும் வந்தது. நாயைக் கற்பனை பண்ணி எழுதிய பொய்க்காரி என்று தொலைபேசியில் திட்டினார்கள். செல்வமலர் ஒவ்வொருவருக்கும் அந்த வரியை இன்னொரு முறை வாசித்துக் காட்டிவிட்டுத்தான் வைத்தார். காட்ட வேறு ஆதாரம் அவரிடம் இருக்கவில்லை.

அடுத்த வருடம், புத்தகத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு, இறந்துபோன மேஜரின் மகள் லோஜினிக்கு எழுதினாள். அப்பா மட்டக்களப்பில் தமிழ்ப் பிள்ளைகளோடு படித்தவராம், தமிழ் வாசிப்பாராம், முகாமில் யாருக்கும் அதைச் சொன்னதில்லையாம். முதலில் மூலத்தை வாசித்துவிட்டு, மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்து வரி வரியாகச் சரிபார்ப்பாராம். நாய்க் கடிதம் வந்த அன்று உடல்களை எடுக்க அவர் ஆயுதமில்லாமல் எல்லை தாண்டிப் போனது, அந்த எழுதுவினைஞர் மூலத்திலிருந்த நாயை மறைக்கவில்லை என்பதைக் கண்டு நம்பிக்கை வந்தபிறகுதானாம்.