போறேன்க்கா

இன்னைக்கு காலையில விருத்தாசலம் வர்ற பஸ்ஸுல பக்கத்து சீட்டுப் பொண்ணோட பேசிட்டே வந்தேன். பீங்கான் பொம்மைக்குப் பெயின்ட் அடிக்கிற வேலையாம்.

ஸ்டாப் வந்ததும் எழுந்து, "போறேன்க்கா"ன்னுச்சு.

எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "போயிட்டு வரேன்னு சொல்லும்மா"ன்னேன்.

சிரிச்சுது. "மனசு சரியில்லாம ஆறு மாசம் ஆஸ்பத்திரியில தங்கியிருந்தேன்க்கா. வூட்டுக்கு அனுப்பும்போது நர்ஸக்கா, 'இங்க மட்டும் வரேன்னு சொல்லாத, போறேன்னு சொல்லு'ன்னு நாலு தடவ சொல்ல வெச்சாங்க. அதே பழகிடுச்சு. தெனம் காலையில நான் 'போறேன்'னதும் எங்கம்மா பயந்துபோய் பஸ் ஏத்திவிடவே வந்துடறாங்க."

படியில எறங்கின பொண்ணு திரும்பிப் பாத்து, "வரேன்க்கா"ன்னுச்சு.

ஆஸ்பத்திரியில சொல்லக் கூடாதத வூட்டுல சொல்லியே ஆவணும். ஏங்க, டிஸ்சார்ஜ் சீட்டுல இதையும் ஒரு வரி எழுதித் தரக் கூடாதா?