வலி கேட்டு எழுதிய துண்டுச்சீட்டு

சபையாரே, இதைக் கட்டிலில் கிடந்தபடி எழுதுகிறேன். வலது கால் இரண்டு தலையணைமேல் இருக்கிறது. கீழே இறக்கக்கூடாது என்பது டாக்டர் உத்தரவு. பதினான்கு வயதில் துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்தவன் நான். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். இன்று என் பெயரில் பன்னிரண்டு லாரி ஓடுகிறது. தூத்துக்குடியில் என்னை உட்கார வைத்தவன் யாரும் கிடையாது. ஒரு உடைந்த சங்குத் துண்டு உட்கார வைத்துவிட்டது.

ஈஸ்டர் கழிந்த இரண்டாம் வாரம், நம் வாலிபர் ஐக்கியத்துப் பிள்ளைகளை முதுகுப்பையோடு காயல்பட்டினத்திலிருந்து பெரியதாழை வரை கடற்கரையோரமாக நடத்திக் கூட்டிப்போனேன். மூன்று நாள் நடை. முதல் நாளே ஷூவைக் கழற்றிப் பையில் கட்டிக்கொண்டேன். "நீங்கல்லாம் செருப்புப் பிள்ளைகள். கொதிக்கிற தார்ல மூட்டையோட நடந்த காலு இது" என்று சொன்னேன். எல்லாருக்கும் முன்னால் போனேன்.

இரண்டாம் நாள் மத்தியானம், பின்னால் வந்த பிள்ளைகளில் ஜெபா கூப்பிட்டாள். "அண்ணாச்சி, உங்க தடமெல்லாம் சிவப்பா இருக்கு."

"தேரிச் செம்மண்ணுளா அது. நட."

"தேரி மண்ணுன்னா எங்க தடத்துலயும் இருக்கணும்லா?"

நான் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்தபிறகுதான் உள்ளங்காலில் அந்தச் சங்குத் துண்டைப் பார்த்தேன். கத்தி முனையால் நானே நெம்பி எடுத்தேன். துளி வலி இல்லை. கர்த்தர் வலியே தெரியாமல் காத்தார் என்று நினைத்தேன். அந்த ஞாயிறு உங்கள் முன் எழுந்து அப்படியே சாட்சியும் சொன்னேன். நீங்களும் ஸ்தோத்திரம் சொன்னீர்கள்.

அடுத்த வாரம் கால் நாறியது. எனக்கு முன் என் மனைவி எஸ்தருக்குத்தான் தெரிந்தது. ஆஸ்பத்திரியில், சீழ் ஏறிய கால் சுண்டுவிரலை எடுத்தார்கள். டாக்டரம்மா சொன்னார்: "வலி தெரியாததுதான் உங்க வியாதி. சர்க்கரையில நரம்பு மரத்துப்போயிருக்கு. புண்ணு ஆறலன்னா கணுக்கால் வரைக்கும் எடுக்க வேண்டியிருக்கும். அடுத்த திங்கள் பாப்போம்."

வீட்டுக்கு வந்தால் படுக்கை முள்ளாகக் குத்தியது. ரோட்டில் போகிற லாரியின் சத்தத்தை வைத்தே அது என் வண்டியா என்று கேட்டுக்கொண்டு கிடப்பேன். எழுந்திருக்கப் பார்ப்பேன், எஸ்தர் பிடித்து அமுக்குவாள். ஜெபிக்க வாயெடுத்தால் வார்த்தை வராது. சபையில் பொய்ச் சாட்சி சொன்ன நாக்கு.

"நீங்க எந்திரிச்சுச் சாட்சி சொல்லுததுக்கு முன்ன அந்தக் காலை எங்கிட்ட ஒரு தடவை காட்டியிருக்கலாம்லா. பாத்துச் சொல்லியிருப்பேன்" என்றாள் எஸ்தர்.

ஆராதனையில் ஜெபக்குறிப்புச் சீட்டுகளைப் பல வருடமாக வாசிப்பவன் நான் என்பது உங்களுக்குத் தெரியும். என் பெயரில் ஒரு சீட்டுகூட அந்த ஜெபப் பெட்டியில் விழுந்ததில்லை. அடுத்தவனுக்கு ஜெபிக்கிற ஆள் நான், எனக்கெதற்கு என்ற எண்ணம். வியாழக்கிழமை ஜெபா பார்க்க வந்தபோது, வெட்கத்தை விட்டு ஒரு சீட்டு எழுதி நீட்டினேன். 'என் காலில் வலி வர வேண்டும்.'

அவள் இரண்டு தரம் படித்தாள். "வலி போகணும்னுதான எல்லாரும் கேப்பாங்க?"

"எனக்கு வரணும். உசிரு இருந்தாத்தான வலிக்கும்."

"அன்னைக்கு நான் சொன்னப்பவே திரும்பிப் பாத்திருந்தா இந்தச் சீட்டுக்கு வேலையே இல்ல அண்ணாச்சி" என்றாள். சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் நீங்கள் அதை வாசித்து முழங்கால் போட்டீர்கள். அதே நேரத்தில் நானும் கட்டிலில் கிடந்து கேட்டேன். ஆண்டவரே, காலைக் காப்பாற்றும் என்று கேட்க எனக்கு முகமில்லை, வலியையாவது தாரும் என்றேன்.

சனிக்கிழமை காலை கட்டு மாற்ற நர்ஸ் வந்தார். பஞ்சால் புண்ணின் ஓரத்தைத் தொட்டதும் சுரீர் என்றது. கத்திவிட்டேன். அடுப்படியிலிருந்து எஸ்தர் கரண்டியோடு ஓடிவந்தாள். "வலிக்குளா" என்றேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். கலியாணமாகி முப்பத்தெட்டு வருடத்தில் நான் வலிக்கிறது என்று சொன்னது அன்றுதான்.

திங்கட்கிழமை டாக்டரம்மா புண்ணைச் சுற்றி அழுத்திப் பார்த்தார். நான் முகம் சுளித்த இடமெல்லாம் அவர் தலையாட்டினார். "ரத்தம் ஓடுது, சதை வளருது. காலை எடுக்க வேண்டாம்" என்றார்.

அதனால் என் முதல் சாட்சியை இன்று திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அதற்குப் பதில் இதை வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் ஒரு மாதம் படுக்கைதான், பொறுமை எனக்கு இன்னும் வரவில்லை. ஆனால் தினமும் காலையில் உள்ளங்காலை எஸ்தரிடம் காட்டுகிறேன். அடுத்த நடைக்கும் நான்தான் கூட்டிப்போவேன், அதில் மாற்றமில்லை. ஷூ போட்டுக்கொண்டு, ஜெபாவுக்குப் பின்னால் நடப்பேன்.

பிரியமானவர்களே, வலிக்கிற இடத்தை ஆண்டவரிடம் காட்டுங்கள், அவர் கேட்பார். வலிக்காத இடத்தை வீட்டில் இருப்பவர்களிடம் காட்டுங்கள். இதை எழுதும்போதும் கால் விண்விண் என்று தெறிக்கிறது. ஸ்தோத்திரம்.